திரையில் தெரியும் எண் மெய்யெண்ணா?

1992-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள். ஜெர்மனியின் வடகோடியிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அங்குள்ள விதிப்படி, பொதுவாக 5 சதவீத வாக்குகூடப் பெறாத கட்சிக்குச் சட்டமன்றத்தில் இடம் கிடையாது. வாக்குகளை எண்ணி முடித்ததும் கணிப்பொறி அச்சிட்டுக் கொடுத்த தாளில், பசுமைக் கட்சிக்கு நேராக 5.0 என்று இருந்தது. கட்சி தப்பித்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகுதான் உண்மை தெரிந்தது. அக்கட்சி பெற்றது 4.97 சதவீதம். அச்சிடும் நிரல் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தை மட்டுமே காட்டும்படி எழுதப்பட்டிருந்ததால், 4.97 முழுமையாக்கப்பட்டு 5.0 ஆகிவிட்டது. இடங்களை மறுபடி பகிர்ந்தபோது பசுமைக் கட்சிக்கு ஓரிடமும் இல்லை. சமூக ஜனநாயகக் கட்சி ஓர் இடப் பெரும்பான்மை பெற்றது.

வாசக நண்பர்களே, இந்நிகழ்ச்சியில் கணிப்பொறி கணக்கைத் தவறாகப் போடவில்லை. வாக்குகள் சரியாக எண்ணப்பட்டன, வகுத்தலும் சரியே. கிடைத்த விடையை மனிதக் கண்ணுக்குக் காட்டிய இடத்தில்தான் பிழை நேர்ந்தது. கணிப்பொறியைப் பற்றி எழுதுவோர் அதன் வேகத்தையும் நினைவாற்றலையும் வியந்து எழுதுகிறார்கள். அது தன் விடையை நமக்கு எப்படிக் காட்டுகிறது என்பதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. அக்குறையைச் சிறிதளவேனும் போக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே நாம் ஆராயப்போவது தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்டு விடை பெறுவதற்குப் பயன்படும் வினவல் கருவிகளை. வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், மின்வாரியம் என எங்கும் எண்களைப் பார்ப்பவர்கள் இத்தகைய கருவிகளின் வழியாகவே பார்க்கிறார்கள்.

ஒரே எண், இரண்டு தோற்றம்

ஒரு சிறு சோதனையைப் பாருங்கள். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் இரட்டைத் துல்லிய மிதப்புப்புள்ளி வகையைச் சேர்ந்த இரு பத்திகள் உள்ள அட்டவணை ஒன்றை உண்டாக்குகிறோம். ஒன்றில் 0.1, மற்றதில் 0.2 இடுகிறோம். இரண்டையும் கூட்டிக் காட்டு என்று கேட்கிறோம். 2019 அக்டோபருக்கு முன் வெளியான பதிப்புகள் 0.3 என்று விடை தரும். அம்மாதம் வெளிவந்த 12-ஆம் பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும் 0.30000000000000004 என்று விடை தரும்.

பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறிய ஒருவர் இதைக் கண்டால் என்ன நினைப்பார்? ‘நேற்றுவரை சரியாகக் கூட்டிய பெட்டி இன்று பிழை செய்கிறதே’ என்றுதான் நினைப்பார். ஆனால் உள்ளே சேமித்த எண்ணிலோ கூட்டல் முறையிலோ ஒரு மாற்றமும் இல்லை. இரு பதிப்புகளும் கண்டெடுத்த விடை ஒன்றே. பழைய பதிப்பு அதன் வாலை வெட்டிவிட்டுக் காட்டியது. புதிய பதிப்பு வெட்டாமல் காட்டுகிறது.

அடுத்த படி இன்னும் வேடிக்கையானது. அந்தப் பழைய பதிப்பிடமே, ‘கூட்டுத்தொகை 0.3-க்குச் சமமான வரிசைகளைக் காட்டு’ என்று, 0.3-ஐயும் அதே இரட்டைத் துல்லிய வகையாக எழுதிக் கேளுங்கள். அப்படி ஒரு வரிசையும் இல்லை என்று விடை வரும். திரையில் 0.3 என்று காட்டிய கருவியே, அது 0.3 இல்லை என்றும் சொல்கிறது! ஒப்பிடும்போது அது முழு எண்ணையும் பார்க்கிறது. காட்டும்போது சுருக்கிக் காட்டுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவர்மீது குற்றம் சொல்ல நமக்கு மனம் வருமா?

வீசமும் இருமாவும்

அந்த வால் எங்கிருந்து வந்தது? அதை அறிய நம் பாட்டன்மார் வாய்ப்பாட்டில் படித்த பின்னங்களை நினைவுகூர்வது நல்லது. ஒன்றைப் பாதியாக்கினால் அரை. அரையைப் பாதியாக்கினால் கால். காலைப் பாதியாக்கினால் அரைக்கால். அதன் பாதி, அதாவது பதினாறில் ஒன்று, வீசம். வீசத்தில் பாதி அரைவீசம். கணிப்பொறிக்குத் தெரிந்த பின்னங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை மட்டுமே. அது இருநிலை எண்களால் இயங்குவதால், புள்ளிக்குப் பின் வரும் ஒவ்வோர் இடமும் முந்திய இடத்தின் பாதி மதிப்புடையது.

நம் முன்னோரின் கணக்கில் மா என்றோர் அளவும் இருந்தது. மா என்பது இருபதில் ஒன்று. இருமா என்பது பத்தில் ஒன்று. இப்போது ஒரு கேள்வி: அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகச் செல்லும் அளவுகளை மட்டும் கொண்டு ஓர் இருமாவை அளக்க முடியுமா?

முயன்று பார்ப்போம். வீசமும் அரைவீசமும் சேர்ந்தால் 0.09375. இன்னும் கொஞ்சம் தேவை. 256-இல் ஒன்றையும் 512-இல் ஒன்றையும் சேர்த்தால் 0.099609375. பிறகு 4096-இல் ஒன்றையும் 8192-இல் ஒன்றையும் சேர்த்தால் 0.0999755859375. நெருங்கிக்கொண்டே போகிறோம், ஆனால் ஒருநாளும் 0.1-ஐத் தொட மாட்டோம். 10 என்னும் பகுதியில் 5 என்னும் காரணி இருக்கிறது. இரண்டின் அடுக்குகளில் அது கிடையாது. தசம முறையில் மூன்றில் ஒன்றை 0.3333… என்று முடிவின்றி எழுதிக்கொண்டே போகிறோம் அல்லவா? அதே நிலைதான் கணிப்பொறிக்குப் பத்தில் ஒன்றில் ஏற்படுகிறது.

முடிவில்லாத வரிசையை எங்கேனும் நிறுத்தியாக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்கு 1985-இல் ஐ.இ.இ.இ. 754 என்னும் தரம் வகுக்கப்பட்டது. அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கஹான் 1989-இல் டூரிங் பரிசு பெற்றார். இத்தரத்தின்படி இரட்டைத் துல்லிய எண் 64 பிட்டுகளில் அடங்குகிறது. குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னப் பகுதிக்கு 52. முதலில் எப்போதும் வரும் 1-ஐ எழுதாமலே கொள்வதால் மொத்தம் 53 பிட்டுத் துல்லியம் கிடைக்கிறது. ஒற்றைத் துல்லிய எண்ணுக்கு 32 பிட்டுகள். அதன் துல்லியம் 24 பிட்டு.

இவ்வாறு நிறுத்தியபின் 0.1 என்று நாம் இட்ட எண் உள்ளே எவ்வாறு இருக்கிறது தெரியுமா? 0.1000000000000000055511151231257827021181583404541015625. இது தோராயமன்று, சேமித்த எண்ணின் முழு மதிப்பே இதுதான். அதுபோல 0.3 என்று நாம் இடும் எண் உள்ளே 0.3-ஐவிடச் சற்றுக் குறைவாகவும், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிய தொகை 0.3-ஐவிடச் சற்று மிகுதியாகவும் அமைகின்றன. ஆகவே அவை இரண்டும் வெவ்வேறு எண்கள்.

15-உம் 17-உம்

ஐம்பது இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணைத் திரையில் காட்டினால் எவரும் படிக்க மாட்டார்கள். எத்தனை இலக்கம் காட்டுவது? இதற்குக் கணிதம் தெளிவாக விடை தந்திருக்கிறது. நீங்கள் 15 பொருளுறு இலக்கங்களுக்குள் எழுதிய எந்தத் தசம எண்ணும் இரட்டைத் துல்லியத்தில் சேமிக்கப்பட்டு, மீண்டும் 15 இலக்கமாக எழுதப்படும்போது மாறாமல் திரும்பி வரும். மறுபக்கம், உள்ளே இருக்கும் எண் எதுவாயினும் அதை 17 இலக்கங்களில் எழுதி வைத்தால், பிறகு அதிலிருந்து அதே எண்ணைப் பிட்டு மாறாமல் மீட்கலாம். ஒற்றைத் துல்லியத்துக்கு இவ்விரு எல்லைகளும் 6, 9 என்பன.

இந்த இரு எண்களுக்கு இடையில்தான் கருவிகளின் சச்சரவு முழுவதும் நடக்கிறது. 15 இலக்கத்தில் நிறுத்தும் கருவி நீங்கள் இட்டதை அழகாகத் திருப்பிக் காட்டும்; ஆனால் உள்ளே வேறுபட்ட இரண்டு எண்களை ஒன்றுபோலவும் காட்டிவிடும். 17 இலக்கம் காட்டும் கருவி எதையும் மறைக்காது. ஆனால் நீங்கள் 0.1 என்று இட்டதை 0.10000000000000001 என்று காட்டி உங்களைத் திடுக்கிட வைக்கும். ஒன்றில் நேர்மை குறைவு. மற்றதில் தெளிவு குறைவு.

கருவிகளின் மேல் என் குற்றச்சாட்டு

எல்லாக் கருவிகளும் ஏதோ ஓரளவு சுருக்கியே ஆக வேண்டும். சுருக்குவதை நான் குறை கூறவில்லை. சுருக்கியதைச் சொல்லாமல் விடுவதையே குறை கூறுகிறேன். நான்கு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது, மை எஸ்.கியூ.எல். அதன் ஒற்றைத் துல்லியப் பத்தியில் 1234567 என்ற முழு எண்ணை இடுங்கள். 24 பிட்டுகளில் இந்த எண் ஒரு குறையுமின்றி அடங்கும். ஆனால் கேட்டால் 1234570 என்று காட்டும். சேமித்தது சரி, காட்டுவது 6 இலக்கம் மட்டுமே என்பதால் கடைசி 67 போய் 70 வந்துவிட்டது. அதே வகைப் பத்தியில் 0.1 இட்டால் 0.1 என்றே காட்டும், ஆனால் ‘0.1-க்குச் சமமானது எது?’ என்று கேட்டால் ஒன்றுமில்லை என்னும். அப்பத்தியோடு சுழியைக் கூட்டிப் பாருங்கள், 0.10000000149011612 என்று உண்மை வெளிப்படும். சுழியைக் கூட்டினால் எண் மாறுகிறது என்று எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுத்ததில்லை!

இரண்டாவது, ஆரக்கிள் தரவுத்தளத்துடன் வரும் எஸ்.கியூ.எல். பிளஸ். ஆரக்கிளின் எண் வகை தசம முறையில் 38 இலக்கம்வரை துல்லியமாகச் சேமிக்க வல்லது. அதாவது, இங்கே மிதப்புப்புள்ளியின் மேல் பழி போட வழியே இல்லை. ஆயினும் இக்கருவி, நாம் வேறு சொல்லாதவரை, ஓர் எண்ணுக்கு 10 எழுத்து அகலம் மட்டுமே ஒதுக்குகிறது. 12345678901 என்ற எண்ணை இட்டுக் கேட்டால், 1.2346 பெருக்கல் பத்தின் பத்தாம் அடுக்கு என்ற பொருளில் அடுக்குக் குறியீட்டுடன் காட்டும். 12345699999 என்ற எண்ணையும் அவ்வாறே காட்டும். இவை இரண்டு பேருடைய கணக்கு எண்கள் என்று வைத்துக்கொண்டால் விபரீதம் விளங்கும். அகலத்தைக் கூட்ட ஒரு வரிக் கட்டளை போதும். அந்தக் கட்டளை இருப்பது தெரியாதவருக்கோ, சேமித்த 38 இலக்கமும் பெட்டிக்குள் பூட்டிய நகைதான்.

மூன்றாவது, மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வர். மிதப்புப்புள்ளி எண்ணை எழுத்துத் தொடராக மாற்று என்று வேறெதுவும் குறிப்பிடாமல் சொன்னால், அது அதிகபட்சம் 6 இலக்கங்களே தரும். ஏழிலக்கத் தொகையை ஒரு வாக்கியத்துடன் ஒட்டி அறிக்கை தயாரிப்பவர் ரூபாய்க் கணக்கில் ஒற்றை இலக்கத்தைப் பறிகொடுக்கிறார். இது கையேட்டில் எழுதப்பட்டுள்ளது என்பது உண்மையே. ஆனால் இழப்பு நேரும் இடத்தில் ஓர் எச்சரிக்கையும் இல்லை.

நான்காவது, உலாவியில் இயங்கும் கருவிகள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வழக்கமான எண் வகை இரட்டைத் துல்லிய மிதப்புப்புள்ளியே. இரண்டின் 53-ஆம் அடுக்காகிய 9007199254740992 வரை முழு எண்களை அது ஒன்றுவிடாமல் அறியும். அதற்கு அடுத்த எண்ணை, அதாவது 3-இல் முடிவதை, அதனால் தாங்க இயலாது. 2-இல் முடிவதாகவே காட்டும். தரவுத்தளங்களோ 64 பிட்டு முழு எண்களை அடையாள எண்களாகத் தாராளமாகச் சேமிக்கின்றன. கருவி கவனமின்றி எழுதப்பட்டிருந்தால் ஒருவருடைய அடையாளம் இன்னொருவருடையதாகத் திரையில் தோன்றும். இதே காரணத்தால்தான் ட்விட்டர் நிறுவனம் 2010-இல் தன் பதிவு எண்களை எண்ணாக மட்டுமன்றி எழுத்துத் தொடராகவும் அனுப்பத் தொடங்கியது.

இவற்றோடு, நம்மிடையே மிகுதியாகப் புழங்கும் எக்செல் தாளையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பொது வடிவக் கட்டத்தில் 12 இலக்க ஆதார் எண்ணை இட்டால் அடுக்குக் குறியீடாக மாறித் தெரியும். 16 இலக்க வங்கி அட்டை எண்ணை இட்டாலோ கடைசி இலக்கம் சுழியாகிவிடும். முதலாவது தோற்றப் பிழை. கட்டத்தை விரித்து வடிவத்தை மாற்றினால் மீண்டு விடும். இரண்டாவது உண்மையான இழப்பு. எதைச் செய்தாலும் மீளாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் கொடுமை.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவும் படித்தபின், ‘எல்லா இலக்கத்தையும் கொட்டிவிட்டால் போதுமே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். அதுவும் சரியன்று. உடல் வெப்பநிலை 36.6 டிகிரி என்று ஒரு செவிலியர் பதிகிறார் என்று கொள்வோம். அது ஒற்றைத் துல்லியப் பத்தியில் சேர்கிறது. ஒரு கருவி அதை 36.6 என்று காட்டுகிறது. இன்னொரு கருவி, ஒற்றைத் துல்லிய எண்ணை முதலில் இரட்டைத் துல்லியமாக மாற்றிக்கொண்டு, பிறகு 36.599998474121094 என்று காட்டுகிறது. இரண்டாவது கருவி பொய் சொல்லவில்லை. உள்ளே இருப்பதைத்தான் சொல்கிறது. ஆயினும், அந்தப் பதினேழு இலக்கங்களைப் பார்ப்பவர், வெப்பமானி ஏதோ அணுவளவு நுட்பமாக அளந்ததாக மயங்கக் கூடும். வெப்பமானி அளந்தது மூன்று இலக்கம். எஞ்சியவை இருநிலை எண்முறையின் எச்சம். இலக்கங்களின் எண்ணிக்கை அளவையின் நுட்பமாகாது.

ஆகவே, சரியான கேள்வி எவ்வளவு காட்டுவது என்பதன்று. உள்ளே இருக்கும் எண்ணை மற்றெல்லா எண்களிலிருந்தும் பிரித்தறியத் தேவையான மிகக் குறைந்த இலக்கங்கள் எவை என்பதே. இதற்கு விடை காண அறிஞர்கள் நீண்ட காலம் உழைத்தார்கள். கை ஸ்டீல், ஜான் வைட் ஆகிய இருவரும் 1990-இல் இதற்கான முறையை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் டேவிட் கே அதைச் செம்மைப்படுத்தினார். 2010-இல் ஃப்ளோரியன் லாயிட்ஷ், 2018-இல் உல்ஃப் ஆடம்ஸ் ஆகியோர் மிக விரைவான முறைகளைத் தந்தார்கள். போஸ்ட்கிரஸ் 12-ஆம் பதிப்பு மேற்கொண்டது ஆடம்ஸ் தந்த ‘ரியூ’ என்னும் முறையே. பைத்தான் மொழி 2009-இல் வெளிவந்த 3.1 பதிப்பிலிருந்தும், டாட்நெட் கோர் 2019-இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்தும் இக்கொள்கைக்கு மாறின. இம்முறையில், 0.1 என்று இட்டது 0.1 என்றே தெரியும். ஏனெனில் அதற்கு மிக அருகிலுள்ள இருநிலை எண் அதுவே. கூட்டி வந்த தொகை 0.30000000000000004 என்று தெரியும்; ஏனெனில் 0.3 என்னும் பெயர் ஏற்கெனவே வேறோர் எண்ணுக்கு உரியது. இரண்டு வெவ்வேறு ஆட்களுக்கு ஒரே பெயரிட்டு வருகைப் பதிவேட்டில் எழுதாத நேர்மை இது.

பழைய போஸ்ட்கிரஸை எண்ணிப் பாருங்கள். அது 15 இலக்கமே காட்டியதால், தரவுகளைப் படியெடுத்து வைக்கும் அதன் துணைக்கருவி, ‘எனக்கு மட்டும் கூடுதல் இலக்கம் கொடு’ என்று தனியே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்கான ஏற்பாடு 2003-இல் 7.4 பதிப்பில் வந்தது. ஜாவா வழி இணைப்பு மென்பொருளும் அவ்வாறே கூடுதல் இலக்கம் கேட்டது. அதனால் ஒரே தரவுத்தளத்தை ஒருவர் கட்டளைத் திரையிலும் மற்றவர் ஜாவாக் கருவியிலும் பார்த்தால், இருவருக்கும் இரு வேறு எண்கள் தெரிய நேர்ந்தது. இயல்பாகவே சரியானதைக் காட்டியிருந்தால் இத்தனை சுற்றுவழி தேவைப்பட்டிருக்காது. தன் பழைய வழக்கத்தைக் கைவிட்டுப் பயனர் முணுமுணுப்பையும் ஏற்கத் துணிந்த அந்த மாற்றத்தை நான் பாராட்டுகிறேன்.

நம் பங்கு

கருவிகளை மட்டும் குறை கூறி முடித்தால் அது நடுநிலையாகாது. நம் பாடப் புத்தகங்கள் மாணவர் மனத்தில் இரு கருத்துகளை விதைக்கின்றன. ஒன்று, கணிப்பொறி தவறே செய்யாது என்பது. அது பொய்த்தவுடன் மாணவர் இரண்டாவதற்குத் தாவுகிறார்: மிதப்புப்புள்ளி எண் நம்பத்தகாதது என்று. இரண்டும் பிழை. மிதப்புப்புள்ளிக் கணக்குக்கு உறுதியான விதிகள் உண்டு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஒவ்வொன்றிலும் உண்மையான விடைக்கு மிக அருகிலுள்ள எண்ணையே தர வேண்டும் என்று தரம் கட்டளையிடுகிறது. விண்கலப் பாதையையும் பாலத்தின் தாங்குதிறனையும் அந்த எண்களைக் கொண்டே கணக்கிடுகிறார்கள்.

தவறு, பொருந்தாத இடத்தில் அதைப் பயன்படுத்துவதில் இருக்கிறது. பத்துக் காசை 0.1 ரூபாய் என்று மிதப்புப்புள்ளியில் பத்துமுறை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள்; கிடைப்பது ஒரு ரூபாய் அன்று, 0.9999999999999999. பணத்துக்கு உரியது தசம வகை. நியூமெரிக், டெசிமல் என்னும் பெயர்களில் எல்லாப் பெரிய தரவுத்தளங்களும் ஏதேனும் ஒருவகையில் அதைத் தருகின்றன. அல்லது காசுகளாகவே எண்ணி முழு எண்ணாகச் சேமிக்கலாம். தசம வகையும் சர்வரோக நிவாரணி அன்று. மூன்றில் ஒன்றை அதனாலும் முழுதாக எழுத முடியாது. ஆனால் பணத்தில் புழங்குவது பத்தின் பகுதிகளே என்பதால் அங்கே அது பொருந்துகிறது.

‘விடையை முழுமையாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது’ என்று சொல்வோரும் உண்டு. அவர்களுக்கு கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தைக் கதையைச் சொல்ல வேண்டும். 1982 ஜனவரியில் அச்சந்தை 1000 என்ற மதிப்பில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு வணிகத்துக்குப் பின்னும் அதைக் கணக்கிட்டு, மூன்று தசம இடங்களுக்குப் பின்னுள்ளதை வெட்டி எறிந்து, அந்த வெட்டிய எண்ணிலிருந்தே அடுத்த கணக்கைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் நட்டம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை! 1983 நவம்பரில் குறியீட்டெண் 524.811 என்று காட்டியது. திருத்திக் கணக்கிட்டபோது அது 1098.892 ஆக இருந்தது. காட்டுவதற்காகச் செய்ய வேண்டியதைக் கணக்குக்குள் கொண்டுபோனதன் பலன் இது. முழுமையாக்கல் கடைசியில், ஒருமுறை, தெரிந்தே செய்ய வேண்டிய வேலை.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மிதப்புப்புள்ளியில் கூட்டும் வரிசை மாறினால் விடையின் வால் மாறும். 0.1-ஐயும் 0.2-ஐயும் முதலில் கூட்டிப் பிறகு 0.3-ஐச் சேர்த்தால் 0.6000000000000001, 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டி அதனுடன் 0.1-ஐச் சேர்த்தால் 0.6. பெரிய அட்டவணையைப் பல செயலிகள் பங்கிட்டுக் கூட்டும் இக்காலத்தில், ஒரே வினாவுக்கு இருமுறை இரு வேறு வால்கள் வரலாம். அதைக் கண்டு தரவு கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். சமமா என்று பார்க்க வேண்டிய இடத்தில், வேறுபாடு நாம் ஏற்கக்கூடிய சிற்றளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்ன கேட்க வேண்டும்?

ஒரு வினவல் கருவியை நல்லது என்று நான் ஏற்க வேண்டுமாயின் அதனிடம் நான்கு பண்புகளை எதிர்பார்ப்பேன். எண்ணைச் சுருக்கிக் காட்டினால் சுருக்கியதாக ஓர் அடையாளம் இட வேண்டும். திரையில் சுருக்கினாலும், படியெடுக்கும்போதும் கோப்பாக வெளியிடும்போதும் முழு எண்ணையே தர வேண்டும். பத்தியின் தலைப்பில் அது தசம வகையா, மிதப்புப்புள்ளி வகையா என்று காட்ட வேண்டும். இலக்க எண்ணிக்கையை மாற்றும் வழி, கையேட்டின் மூலையில் இல்லாமல் கண்ணெதிரே இருக்க வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. தராசு விற்பவர் அதில் மிகச் சிறிய எடை எதுவரை அளக்கலாம் என்று எழுதி வைக்கிறார். எண்ணைக் காட்டும் கருவியிடம் அந்த அளவு நாணயத்தை எதிர்பார்ப்பது தவறாகுமா?

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு பயிற்சி. உங்களிடம் உள்ள தரவுத்தளம் எதுவாயினும் அதில் மிதப்புப்புள்ளிப் பத்தி ஒன்றும் தசமப் பத்தி ஒன்றும் அமையுங்கள். இரண்டிலும் 0.1, 0.2, 1234567, 36.6 ஆகியவற்றை இடுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு, மூன்று கருவிகளில் அவற்றைப் பாருங்கள். கூட்டிப் பாருங்கள்; சமமா என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கருவியும் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அரைமணி நேர வேலைதான்.

ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் அன்றிரவு யாரோ ஒருவர், ‘இந்த 5.0 உண்மையில் எவ்வளவு?’ என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விதான் ஒரு சட்டமன்றத்தின் அமைப்பைச் சரிசெய்தது. நாளை நீங்கள் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, ஒருவருடைய ஊதியத்தையோ மதிப்பெண்ணையோ மருந்தின் அளவையோ திரையில் பார்க்கும்போது அதே கேள்வியைக் கேளுங்கள். எண் வட்டமாகவும் அழகாகவும் இருந்தால் இன்னொரு முறை கேளுங்கள்.